எண்ணி எழுதுங்கள்: டெபாசிட் பார்க்கும் நுட்புநர்களுக்கு ஒரு திறந்த மடல்

யூரின் டெபாசிட் (சிறுநீர் வண்டல்) பார்க்கும் ஆய்வக நுட்புநர்களுக்கு,

இன்று காலையும் உங்களில் பலர் ‘பஸ் செல் 2–4, எபிதீலியல் செல் 1–2, ஆர்.பி.சி. இல்லை, காஸ்ட் இல்லை, கிரிஸ்டல் இல்லை’ என்று ஒரு கட்டு ரிப்போர்ட்டுகளில் எழுதியிருப்பீர்கள். அந்த 2–4 எங்கிருந்து வந்தது? எத்தனை ஃபீல்டு பார்த்து எழுதினீர்கள்? எத்தனை மில்லி சிறுநீரைச் சுற்றினீர்கள், சுற்றிய பின் குழாயில் எவ்வளவு மிச்சம் விட்டீர்கள்? இதையெல்லாம் உங்களை எதிரே உட்கார வைத்துக் கேட்க ஆசை. அது முடியாததால் எழுதுகிறேன்.

நானும் உங்கள் தொழில்தான். டி.எம்.எல்.டி. படித்து, சிறிய ஆய்வகங்களில் ரத்தம் எடுப்பது முதல் ரிப்போர்ட் டைப் அடிப்பது வரை ஒரே ஆளாகச் செய்தவள். இப்போது சிறுநீரக நோயாளிகள் அதிகம் வரும் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறேன். வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள் துணிக்கடைப் பையில் பழைய ரிப்போர்ட்டுகளை மடித்து எடுத்து வருவார்கள். அப்படி வந்த ஓர் அம்மாவின் பையில் ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் எடுத்த மூன்று ரிப்போர்ட்டுகள் இருந்தன. ஒன்றில் ஆர்.பி.சி. இல்லை. இன்னொன்றில் 2–3. மூன்றாவதில் 10–12. ஸ்ட்ரிப் மட்டும் மூன்றிலும் ரத்தம் உண்டு என்றே சொல்லியிருந்தது. “இதுல எதுங்க சரி?” என்று அவர் கணவர் கேட்டார். 2–3 என்று எழுதியவரும் 10–12 என்று எழுதியவரும் இரண்டு பேருமே நேர்மையாக எண்ணியிருக்கக்கூடும் என்பதை அவருக்கு எப்படி விளங்க வைப்பது? ஆனால் உங்களுக்கு விளங்கும், கணக்கு நம் மேசையில்தான் இருக்கிறது.

ஒரே சிறுநீரை இரண்டு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் 5 மி.லி. எடுத்துச் சுற்றி, மேலே தெளிந்ததைக் கொட்டிவிட்டு 1 மி.லி. விடுகிறார். உள்ளே இருப்பது ஐந்து மடங்கு செறிந்திருக்கிறது. மற்றவர் 10 மி.லி. சுற்றி அரை மி.லி. விடுகிறார். அவருடையது இருபது மடங்கு. ஸ்லைடைத் தொடும் முன்பே நான்கு மடங்கு வித்தியாசம் வந்துவிட்டது. இனி நுண்ணோக்கி. உங்கள் ஐபீஸின் விளிம்பில் 10 என்ற உருப்பெருக்க எண்ணுக்குப் பக்கத்தில் 18 அல்லது 20 அல்லது 22 என்று இன்னோர் எண் பொறித்திருக்கும். பலர் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள், வகுப்பிலும் அதை அழுத்திச் சொல்வதில்லை. அந்த எண்ணை 40-ஆல் வகுத்தால் உங்கள் ஹை பவர் ஃபீல்டின் விட்டம் மில்லிமீட்டரில் வரும். 18 என்றால் 0.45 மி.மீ., பரப்பு சுமார் 0.16 சதுர மி.மீ. 22 என்றால் 0.55 மி.மீ., பரப்பு 0.24 சதுர மி.மீ. அதே ஸ்லைடை ஐபீஸ் மாற்றிப் பார்த்தாலே ஒரு ஃபீல்டில் ஒன்றரை மடங்கு செல் தெரியும். நான்கையும் ஒன்றரையையும் பெருக்குங்கள். ஒருவர் மேசையில் 2 என்று எண்ணப்பட்ட ஆர்.பி.சி. மற்றவர் மேசையில் 12. இருவரும் தப்பு செய்யவில்லை, இருவரும் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்கள்.

இதில் சொட்டின் கணக்கை நான் சேர்க்கவே இல்லை. 22 மி.மீ. சதுரக் கவர் ஸ்லிப்பின் கீழே 20 மைக்ரோலிட்டர் விட்டால் அது சுமார் 0.04 மி.மீ. உயரத்துக்குப் பரவி நிற்கும். டிராப்பரிலிருந்து விழும் ஒரு முழுச் சொட்டு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். கவர் ஸ்லிப் மிதக்கும், ஓரம் வழியே வழியும், வழிவதோடு செல்களும் போகும், மிச்சம் நிற்கிற அடுக்கும் தடித்திருக்கும். ஃபோக்கஸ் வீலை மேலும் கீழும் திருப்பினால் ஒரு தளத்தில் தெரியாத செல் இன்னொரு தளத்தில் தெரியும். ஒருவர் திருப்பிப் பார்த்து எண்ணுவார், ஒருவர் திருப்பாமலே எண்ணுவார்.

ஒரு தெருவில் கடைக்குக் கடை படியின் அளவு மாறினால் ‘ரெண்டு படி அரிசி’ என்ற பேச்சுக்கே பொருள் இருக்காது. ஃபீல்டுக்கு இத்தனை செல் என்று நாம் எழுதுவது இன்று அந்த நிலையில்தான் இருக்கிறது. ஹீமோகுளோபினுக்கும் சர்க்கரைக்கும் அளவீட்டுத் திரவம் வைத்திருக்கிறோம், கன்ட்ரோல் ஓட்டுகிறோம். வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித் தர மதிப்பீட்டில் சேர்ந்து, மருத்துவ வேதியியல் முடிவுகளை மற்ற ஆய்வகங்களோடு ஒப்பிட்டுக்கொள்கிறவர்கள் உங்களிலேயே இருக்கிறார்கள். அதே ஆய்வகத்தில், அதே காலையில், டெபாசிட்டை மட்டும் பார்த்த கண்ணே சாட்சி என்று விட்டுவிடுகிறோம்.

எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல்படி, முறையாக எடுத்த சிறுநீரில் ஹை பவர் ஃபீல்டுக்கு 3 அல்லது அதற்கு மேல் ஆர்.பி.சி. இருந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவு. ஸ்ட்ரிப் மட்டும் பாசிட்டிவ் என்றால் போதாது, நுண்ணோக்கியால் உறுதிசெய்ய வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. நம் ஊர் மருத்துவர்களில் பலரும் இந்த 3-ஐத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். பீடி சிகரெட் பழக்கமுள்ள அறுபது வயதுக்காரர் ஒருவருக்குச் சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது அந்த இடத்தில் முடிவாகிறது. 2-ஐ 12 ஆக்கவும் 12-ஐ 2 ஆக்கவும் நம்மால் முடிகிறது என்றால், அந்த முடிவை நாம் மருத்துவரிடமிருந்து பிடுங்கிக் குலுக்கல் முறையில் எடுக்கிறோம்.

எண்ணுவதைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஒரு ஃபீல்டில் சராசரி மூன்று செல் இருக்கிற ஸ்லைடு என்று வையுங்கள். அதில் ஏதோ ஒரு ஃபீல்டைப் பார்த்தால் மூன்று தெரிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒன்றுமே இல்லாத ஃபீல்டும் வரும், ஏழு இருக்கிற ஃபீல்டும் வரும். தற்செயலான சிதறல் அப்படித்தான் இருக்கும். ஒரே ஃபீல்டைப் பார்த்து எழுதினால் பிழை பாதிக்கு மேல் போகிறது. பத்து ஃபீல்டு எண்ணிக் கூட்டிப் பத்தால் வகுத்தால் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. ஐபீஸ் 18 என்றால், 22 மி.மீ. கவர் ஸ்லிப்பின் கீழே சுமார் மூவாயிரம் ஃபீல்டுகள் இருக்கின்றன. பத்து பார்ப்பதே முந்நூறில் ஒரு பங்கைத்தான் பார்ப்பது. அதையும் குறைத்து இரண்டு மூன்று ஃபீல்டில் நிறுத்திக்கொண்டு, கை பழகிய பழக்கத்தில் 2–4 என்று போட்டால் அந்த ரிப்போர்ட்டில் நோயாளி எங்கே இருக்கிறார்?

நுண்ணோக்கி எண்ணிக்கையை நிலையான அளவோடு கட்ட வேண்டும் என்பது நேற்று வந்த ஞானம் இல்லை. தாமஸ் ஆடிஸ் என்ற மருத்துவர் 1926-லேயே ஆரோக்கியமானவர்களின் பன்னிரண்டு மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து, எண்ணும் அறையில் செல்களையும் காஸ்ட்டுகளையும் எண்ணி வெளியிட்டார். இன்றைக்கும் ஒப்பீட்டுக்கான மூல முறை என்று கருதப்படுவது, சுற்றாத சிறுநீரை எண்ணும் அறையில் வைத்து மைக்ரோலிட்டருக்கு இத்தனை என்று எண்ணுவதுதான். சுற்றும்போதும் கொட்டும்போதும் செல்கள் தொலைகின்றன, எத்தனை தொலைந்தன என்று சொல்ல முடியாது என்பதே காரணம். பெரிய ஆய்வகங்களில் இருக்கும் தானியங்கிக் கருவிகள் சுற்றாத சிறுநீரை எடுத்துக்கொண்டு மைக்ரோலிட்டர் கணக்கில் சொல்வதும் அதனால்தான். அந்தக் கருவிகளைக் கையாளும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: கருவி காஸ்ட் என்று கொடி காட்டினால் அது எந்தக் காஸ்ட் என்பதை ஸ்லைடில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். கருவி வந்துவிட்டது என்று நுண்ணோக்கியை உறை போட்டு மூடிவிடாதீர்கள்.

சென்ட்ரிஃப்யூஜுக்கு வருகிறேன். ‘1500 ஆர்.பி.எம்., 5 நிமிடம்’ என்று நாம் எல்லோரும் மனப்பாடம் செய்தோம். ஆனால் செல்லைக் கீழே தள்ளுவது சுற்று வேகம் மட்டும் இல்லை, நடு அச்சிலிருந்து குழாயின் அடி வரை உள்ள தூரமும் சேர்ந்த விசை. புத்தகங்கள் கேட்பது புவியீர்ப்பைப் போல் 400 மடங்கு விசை. ஆரம் 16 செ.மீ. உள்ள பெரிய கருவியில் 1500 சுற்றுக்கு அந்த 400 கிடைக்கிறது. சிறிய ஆய்வகங்களில் இருக்கும் மேசைக் கருவியில் ஆரம் 10 செ.மீ.தான் என்றால், அதே 1500 சுற்றுக்கு 250 மட்டுமே கிடைக்கும், செல்கள் முழுதாக இறங்காது. சீக்கிரம் முடிக்கலாம் என்று 3000-க்குத் திருப்பினால் ஆயிரம் மடங்கு. காஸ்ட்டுகள் உடையும், அடியில் இறுகிய வண்டலைக் கலக்கிக் கரைப்பதும் பாடு. பல கருவிகளில் வேகக் குமிழைச் சுற்றி இருக்கும் எண்களே அழிந்துபோய், யாரோ ஒருவர் பேனாவால் போட்ட கோடுதான் இருக்கிறது. அந்தக் கோடு எத்தனை என்று அதைப் போட்டவரும் வேலையை விட்டுப் போயிருப்பார். சுற்றி முடிந்ததும் பிரேக் போட்டு நிறுத்துவதையும், கையால் பிடித்து நிறுத்துவதையும் விட்டுவிடுங்கள். இறங்கியது மறுபடி கலங்கி எழும்.

நேரம். இதில்தான் எனக்குக் கோபமே வருகிறது, இது உங்கள் மேல் இல்லை என்றாலும் உங்களிடம்தான் சொல்ல முடிகிறது. காலை ஏழு மணிக்குக் கலெக்‌ஷன் சென்டரில் கொடுத்த சிறுநீர், மோட்டார் சைக்கிள் பெட்டியில் ஏறி, வழியில் இன்னும் நாலு இடங்களில் நின்று, மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் உங்கள் ட்ரேயில் வந்து உட்காருகிறது. சித்திரை வெயிலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? பாக்டீரியா பெருகும். யூரியாவை உடைக்கும் இனமாக இருந்தால் சிறுநீர் காரத்தன்மைக்குப் போகும். காரத்தில் பஸ் செல் சிதையும், காஸ்ட் கரையும். தண்ணீராக நீர்த்த சிறுநீரில் ஆர்.பி.சி. ஊதி உடைந்துவிடும். கடைசியில் பாக்டீரியா ‘நிறைய’, பஸ் செல் ‘1–2’ என்று ஒரு ரிப்போர்ட் போகும், அதைப் படிக்கிற மருத்துவர் எதை நம்புவார்? சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்பது பொதுவான விதி. முடியாதென்றால் குளிரில் வைக்க வேண்டும், குளிரில் வைத்தால் யூரேட்டும் பாஸ்ஃபேட்டும் படிந்து ஃபீல்டை மூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான டப்பாக்களின் மேல் சிறுநீர் கழித்த நேரமே எழுதியிருப்பதில்லை. பெயரும் வயதும் இருக்கும், நேரம் இருக்காது. நேரம் தெரியாத சாம்பிளில் நீங்கள் எழுதும் ‘இல்லை’ எதற்கும் உதவாது.

அந்த ‘இல்லை’ என்ற சொல் பற்றியே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

காஸ்ட் இல்லை என்று எழுதும்போது காஸ்ட்டைத் தேடினீர்களா? தேடுவதென்றால், 10 அப்ஜெக்டிவில், கண்டென்சரை இறக்கி, டயஃப்ரத்தை மூடி, வெளிச்சத்தைக் குறைத்து, கவர் ஸ்லிப்பின் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று சுற்றி வருவது. ஹையலின் காஸ்ட்டின் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. பளீரென்ற வெளிச்சத்தில் அது கண் முன்னாலேயே மறைந்து நிற்கும். நேராக 40-க்குப் போய், முழு வெளிச்சத்தில் நடுவிலே இரண்டு ஃபீல்டு பார்த்துவிட்டு ‘காஸ்ட் இல்லை’ என்று எழுதினால், நீங்கள் எழுதியது ‘நான் காஸ்ட் பார்க்கவில்லை’ என்பது. இரண்டும் ஒன்றாக அச்சாகின்றன. சிரங்கு வந்து ஆறிய இரண்டு மூன்று வாரத்தில் முகம் வீங்கி, கறுத்த டீ நிறத்தில் சிறுநீர் போகும் குழந்தையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழந்தையின் ஸ்லைடில் ஒரே ஒரு ஆர்.பி.சி. காஸ்ட்டை நீங்கள் பிடித்துவிட்டால் ரத்தம் சிறுநீரகத்தின் வடிகட்டியிலிருந்தே வருகிறது என்று மருத்துவருக்குத் தெரிந்துவிடும். வேறு எந்தச் செலவான பரிசோதனையும் அவ்வளவு சுருக்கமாக அதைச் சொல்லாது.

ஆர்.பி.சி. இல்லை என்ற வரியும் அப்படித்தான். ஸ்ட்ரிப் ரத்தம் என்று பச்சையாக மாறி நிற்க, ஸ்லைடில் ஆர்.பி.சி. கிடையாது என்றால், நம்மில் பலர் சங்கடப்பட்டு ஸ்ட்ரிப்பைத் திருத்துகிறோம், அல்லது ஆர்.பி.சி. 1–2 என்று போட்டுச் சமாளிக்கிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த முரண்தான் செய்தி. புதிய சிறுநீராக இருந்து, ஸ்ட்ரிப் பாசிட்டிவ், ஸ்லைடில் செல் இல்லை என்றால், உடைந்த ரத்த அணுக்களின் ஹீமோகுளோபினோ, நசுங்கிய தசையின் மயோகுளோபினோ சிறுநீரில் இறங்குகிறது. பாம்பு கடித்து வந்த ஆளிடம் இது சிறுநீரகம் கெடப்போகிறது என்ற முன்னறிவிப்பு. கடற்கரை ஊர்களில் வலையில் கை விட்டுக் கடல் பாம்பு கடித்து வருகிறவர்களுக்கு விஷம் தசையைத்தான் அழிக்கிறது, அது சிறுநீரில் தெரியும். ஆனால் சாம்பிள் ஐந்து மணி நேரம் பழையதென்றால், உடைந்தது உடம்புக்குள்ளா டப்பாவுக்குள்ளா என்று யாராலும் சொல்ல முடியாது. நேரத்தை எழுதுங்கள் என்று மேலே கத்தியது இதற்காகவும்தான். மாறாக ஸ்லைடில் ஆர்.பி.சி. நிறைய, ஸ்ட்ரிப்போ நெகட்டிவ் என்றால், வைட்டமின் சி மாத்திரை நிறையச் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் நீங்கள் எண்ணியது ஆர்.பி.சி.யா என்று பாருங்கள். சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரில் யீஸ்ட் நிறைய வரும், மொட்டு விடாமல் தனித்தனியாக நிற்கிற யீஸ்டை ஆர்.பி.சி. என்று எழுதிய ரிப்போர்ட்டுகள் எத்தனையோ. இரண்டு சதவீத அசெட்டிக் அமிலம் ஒரு சொட்டு ஸ்லைடின் ஓரத்தில் விட்டால் ஆர்.பி.சி. கரைந்துபோகும், யீஸ்ட் அப்படியே இருக்கும். அரை நிமிட வேலை.

எபிதீலியல் செல் என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் போடுவதும் எனக்கு நெடுநாள் மனக்குறை. அகன்ற தட்டையான ஸ்குவாமஸ் செல் தோலிலிருந்தும் பிறப்புறுப்பிலிருந்தும் வருவது, பெரும்பாலும் சாம்பிள் சரியாக எடுக்கவில்லை என்பதற்கு அடையாளம். சிறுநீரகக் குழாய்களின் செல் வேறு. அது பஸ் செல்லைவிடச் சற்றே பெரியது, வட்டமான பெரிய நியூக்ளியஸ் உள்ளது. அது கூட்டமாக வந்தால் சிறுநீரகக் குழாய்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் திடீர் சிறுநீரகச் செயலிழப்போடு வந்தவர்களின் சிறுநீரைச் சிறுநீரக மருத்துவரும் மருத்துவமனை ஆய்வகமும் தனித்தனியாகப் பார்த்து ஒப்பிட்ட ஆய்வு 2005-இல் வெளியானது. மருத்துவர் குழாய்ச் செல் என்று கண்டதை ஆய்வகம் ஸ்குவாமஸ் என்று எழுதியிருந்தது, காஸ்ட்டுகளைத் தவறவிட்டிருந்தது. வசதியான மருத்துவமனையிலேயே இப்படி என்றால் நம்மைச் சொல்லிக் குற்றமில்லை என்று சிலர் ஆறுதல் அடைவார்கள். எனக்கு அந்த ஆய்வு ஆறுதல் தரவில்லை. அதைப் படித்த சிறுநீரக மருத்துவர்கள் ‘இனி நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். அவர்கள் நம் ரிப்போர்ட்டைப் படிப்பதையே விட்டுவிடும் நாள் வரக்கூடாது என்பதற்காகத்தான் கிடந்து எழுதுகிறேன்.

ஆர்.பி.சி.யின் வடிவமும் அப்படியே. வடிகட்டி வழியே பிதுங்கி வரும் அணுக்கள் உருக்குலைந்திருக்கும் என்று மெல்பர்னில் பர்ச், ஃபேர்லி இருவரும் 1979-இல் லான்செட் இதழில் காட்டினார்கள். வளைய உடலிலிருந்து சிறு குமிழ்கள் துருத்தி நிற்கும் அகாந்தோசைட்டுகள் நூற்றுக்கு ஐந்து இருந்தாலே வடிகட்டி நோயைச் சந்தேகிக்கலாம் என்பது 1991-இல் வந்த ஆய்வு. இதற்கு ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கி இருந்தால் நல்லது. உங்களிடம் இல்லாவிட்டால் வடிவத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். ஆனால் எல்லா ஆர்.பி.சி.யும் ஒரே மாதிரி இல்லை என்று கண்ணில் பட்டால், அதை மருத்துவரிடம் போனில் சொல்லிவிடுங்கள். நுட்புநர் சொல்வதை நல்ல மருத்துவர் காது கொடுத்துக் கேட்பார்.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். காலையில் அறுபது சாம்பிள் இருக்கிறது, ஆள் ஒன்று, நடுவில் ரத்தம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள், பத்தரைக்கு ரிப்போர்ட் வேண்டும் என்று நோயாளி வெளியே நிற்கிறார், யூரின் ரொட்டீனுக்கு வாங்கும் காசு ஸ்ட்ரிப்புக்கே சரியாகப் போகிறது, சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. எல்லாம் உண்மை. இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: எந்த மருத்துவரும் ஒரு தடவையாவது உங்களைக் கூப்பிட்டு ‘எத்தனை ஃபீல்டு பார்த்தாய்’ என்று கேட்டதில்லை. 2–4 என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், 12 என்று எழுதினால் ‘மறுபடி பார்’ என்பார்கள். அதனால் எண்கள் எல்லாம் மெல்ல மெல்ல 2–4 பக்கம் சாய்கின்றன. கையெழுத்துப் போடும் நோயியல் மருத்துவர்களுக்கும் முதலாளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. அவர்களுக்குத் தனியாக எழுத வேண்டும். ஆனால் ஸ்லைடின் முன்னால் உட்காருகிறவர் நீங்கள். அவர்கள் மாறும்வரை காத்திருந்தால் இன்னொரு தலைமுறைக் குழந்தைகளின் காஸ்ட்டுகள் ஸிங்க்கில் போய்விடும்.

நேரத்தைப் பற்றிய வாதத்துக்கு மட்டும் ஒரு பதில் உண்டு. அறுபதையும் ஒரே ஆழத்தில் பார்க்க வேண்டியதில்லை. ஸ்ட்ரிப்பில் ரத்தம், புரதம், லூகோசைட், நைட்ரைட் நான்கும் நெகட்டிவ், சிறுநீர் தெளிவு, மருத்துவரும் தனியாக எதையும் கேட்கவில்லை என்றால், நுண்ணோக்கி தேவையில்லை என்று எழுதி வைத்த விதியோடு நிறுத்திக்கொள்ளும் ஆய்வகங்கள் உலகமெங்கும் உண்டு. அப்படி ஒரு விதியை உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து எழுதி, ரிப்போர்ட்டிலும் ‘நுண்ணோக்கிப் பரிசோதனை செய்யப்படவில்லை’ என்று வெளிப்படையாகப் போடலாம். மிஞ்சும் பதினைந்து இருபது சாம்பிளுக்குத் தலா நாலு நிமிடம் கிடைக்கும். எல்லாவற்றையும் பார்த்ததாகக் காட்டிக்கொண்டு ஒன்றையும் பார்க்காமல் விடுவதைவிட, இது நேர்மையும் கூட.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இது. உங்கள் ஆய்வகத்துக்கென்று ஒரு பக்க முறையை எழுதுங்கள். உலகம் முழுவதற்கும் ஒரே முறை இல்லை: அமெரிக்க ஆய்வக வழிகாட்டுதல் 12 மி.லி. என்கிறது, பலர் 10 எடுக்கிறார்கள், அரை மி.லி. விடுகிறவர்களும் ஒரு மி.லி. விடுகிறவர்களும் உண்டு. நீங்கள் எதைத் தேர்ந்தாலும் சரி, கோடு போட்ட கூம்புக் குழாயில் அளந்து எடுங்கள், அளந்து விடுங்கள். கவிழ்த்துக் கொட்டாமல் பிப்பெட்டால் உறிஞ்சி எடுங்கள். ஸ்லைடில் 20 மைக்ரோலிட்டரை மைக்ரோபிப்பெட்டால் வையுங்கள், சர்க்கரைப் பரிசோதனைக்கு அது உங்களிடம் எப்படியும் இருக்கிறது. காஸ்ட்டுக்கு 10-இல் பத்து ஃபீல்டு, செல்லுக்கு 40-இல் பத்து ஃபீல்டு. பகல் ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட், விடுமுறைக்கு வந்து நிற்கிற ஆள், எல்லோரும் இதே மாதிரி. அந்த ஒரு பக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். ரிப்போர்ட்டின் கீழே ஒரே வரியில் ‘10 மி.லி. சுற்றி 0.5 மி.லி., ஐபீஸ் 18, பத்து ஃபீல்டு சராசரி’ என்று அச்சடிக்கச் சொல்லுங்கள். சாம்பிள் எடுத்த நேரமும் பார்த்த நேரமும் பக்கத்தில் இருக்கட்டும். அந்த ஒரு வரி இருந்தால் அடுத்த ஊர் மருத்துவர் உங்கள் எண்ணை இன்னோர் ஆய்வகத்தின் எண்ணோடு கணக்குப் போட்டு ஒப்பிட முடியும். 10 மி.லி., அரை மி.லி., 20 மைக்ரோலிட்டர், 22 மி.மீ. கவர் ஸ்லிப், ஐபீஸ் 18 என்றால், செல்கள் எதுவும் தொலையாத பட்சத்தில், ஃபீல்டுக்கு ஒரு செல் என்பது மூலச் சிறுநீரில் மைக்ரோலிட்டருக்கு ஏழெட்டுச் செல். இந்த எண்ணை உங்களுக்கே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் தூசி படிந்து கிடக்கும் நியூபார் சேம்பரில் அதே சிறுநீரைச் சுற்றாமல் ஏற்றி ஒன்பது சதுரங்களையும் எண்ணினால் 0.9 மைக்ரோலிட்டரை எண்ணியதாகும். இரண்டு கணக்கும் எவ்வளவு விலகுகிறது என்று அவ்வப்போது பாருங்கள். சுற்றும்போது எவ்வளவு இழக்கிறீர்கள் என்று உங்கள் கையாலேயே தெரியும். மாதம் ஒருமுறையாவது இரண்டு பேர் ஒரே ஸ்லைடை ஒருவர் எண்ணை மற்றவருக்குக் காட்டாமல் எண்ணி, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று, இதை வேண்டுகோளாகவே சொல்கிறேன். தேடாத ஒன்றை ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். சாம்பிள் பழையதா, ‘சாம்பிள் பழையது, காஸ்ட் பற்றிச் சொல்ல இயலாது’ என்று எழுதுங்கள். அளவு போதவில்லையா, போதவில்லை என்று எழுதுங்கள். குழந்தைகளின் சாம்பிள் மூன்று மில்லிதான் வந்தது என்றால் அதையும் எழுதுங்கள். நோயாளியை மறுபடி வரச்சொல்ல முதலாளி தயங்கினால், இந்த மடலை அவரிடம் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. சென்ட்ரிஃப்யூஜிலிருந்து தொடங்குங்கள். கருவியை அணைத்து, மூடியைத் திறந்து, குழாயைச் சுழலும்போது இருக்கும் நிலைக்குப் படுக்கையாகத் தூக்கி, நடு அச்சிலிருந்து குழாயின் அடி வரை ஒரு ஸ்கேலால் அளந்து செ.மீ.யில் எழுதுங்கள். அதை 11.18-ஆல் பெருக்குங்கள். 400-ஐ அந்த விடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ஆயிரத்தால் பெருக்கினால் உங்கள் கருவிக்குரிய ஆர்.பி.எம். வந்துவிடும். ஆரம் 10 செ.மீ. என்றால் சுமார் 1900 வரும். அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி, நாளைக் காலை முதல் சாம்பிள் வருவதற்கு முன் மூடியின் மேல் ஒட்டிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி